மென்ஷன் நேரம்

ஜூலை 3, திங்கள்

சீனியர் மதியம் கிளம்பிவிட்டார். வெளியூரில் ஒரு கொலை வழக்கு, குறுக்கு விசாரணை. இன்னும் பத்து நாளைக்கு அங்கேதான். காரில் ஏறும்முன் ஒரு கேஸ் கட்டை என் மேசையில் வைத்தார்.

"தாரணி, நாளைக்குக் காலையில இத மென்ஷன் பண்ணிடும்மா."

"நானா சார்?"

"ஒரே வரி. கைதியோட சம்சாரம் சாகக்கிடக்கு, இன்னைக்கே எடுத்துக்கணும். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

ஒன்பது மாதமாக அவருக்குப் பின்னால் கட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். கோர்ட் கூடத்தில் இதுவரை வாய் திறந்ததில்லை.

சட்டத்துக்கு வருமுன் ஆங்கிலம் படித்தவள் நான். பேச்சைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் இலேசானது மென்ஷன் என்றுதான் அங்கே படித்தேன். நின்று விவரிக்காமல் போகிறபோக்கில் தொட்டுவிட்டுப் போவது. அகராதியில் 'குறிப்பிடு' என்று இருக்கிறது. குறிப்பிடுவதில் நீட்டிய விரல் ஒன்று இருக்கிறது. மென்ஷனில் விரல் கிடையாது. வெறும் உதடு.

கோர்ட்டில் அதுவே எடையுள்ள சொல். காலையில் நீதிபதிகள் வந்து உட்கார்ந்ததும் முதல் சில நிமிடங்கள் மென்ஷன் நேரம். அன்றைய பட்டியலில் இல்லாத வழக்கை அவசரம் என்று எழுந்து சொல்லலாம். அவர்கள் சரி என்றால் லஞ்ச் மோஷன்; அன்று சாப்பாட்டுக்குப் பிறகு முதல் வழக்காக எடுப்பார்கள். சொல்லாவிட்டால் கட்டு அலமாரியில் இருக்கும்.

கைதியின் பெயர் சங்கரபாண்டி. ஆயுள் தண்டனை. மனைவி ஆவுடைத்தாய் இந்த ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். கர்ப்பப்பையில் புற்று, பரவிவிட்டது. அவசர விடுப்பு கேட்டு மகள் போட்ட மனுவைச் சிறை நிர்வாகம் மறுத்திருக்கிறது. அவர் வந்தால் ஊரில் பிரச்சினை வருமாம்.

மகள் மகேசுவரி சாயந்திரம் சேம்பருக்கு வந்தாள். பத்தொன்பது வயது. சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. சுடிதார் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"எங்கப்பா கொன்னது எங்க மாமாவ மேடம். அம்மாவோட கூடப்பிறந்த தம்பி. வாய்க்காத் தகராறு. எனக்கு அப்ப எட்டு வயசு. அம்மா அன்னையிலருந்து அப்பாவப் போயிப் பாக்கல. ஒரு வார்த்தை அவரப் பத்திப் பேசல. எங்கூருல பொம்பளைங்க புருசன் பேரச் சொல்ல மாட்டாங்கல்ல, அதனால வெளியில ஒருத்தருக்கும் வித்தியாசமாத் தெரியல. எனக்குத் தெரியும்."

"இப்ப?"

"போன வெள்ளிக்கிழம கண்ண முழிச்சு, 'சங்கரபாண்டிய வரச் சொல்லு, ஒண்ணு சொல்லணும்'னுச்சு. பேரச் சொல்லி."

"என்ன சொல்லணுமாம்?"

"கேட்டேன். எங்கிட்டச் சொல்ல மாட்டேங்குது."

நாளை ஒரு வரி.


ஜூலை 4, செவ்வாய்

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். எழுந்தேன். வழக்கு எண்ணைச் சொன்னேன். கைதியின் மனைவி மரணப் படுக்கையில் என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம்.

மூத்த நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மனைவி எப்போது கடைசியாகக் கணவரைப் பார்த்தார் என்று கேட்டார். சாதாரணக் கேள்வி. பதிலையும் சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். நான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு வருடம் சிறைக்குப் போய்ப் பார்க்காதவர், பேசாதவர், கணவரைப் பற்றி வாயே திறக்காதவர், இப்போது முதல்முறையாகப் பெயரைச் சொல்லி அழைத்திருக்கிறார், இந்த அழைப்பின் கனத்தை நீதிமன்றம் உணர வேண்டும் என்று. 'கனம்' என்ற இடத்தில் என் கை தானாக மேலே போனது நினைவிருக்கிறது.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். மனைவியே பதினோரு வருடமாகப் பார்க்க விரும்பாதவரை இப்போது போலீஸ் காவலோடு அனுப்ப என்ன அவசரம் என்றார். நான் கொடுத்ததைத்தான் எடுத்துக்கொண்டார்.

"பதினோரு வருடம் பொறுத்தவர்கள் இன்னும் சில நாள் பொறுக்கலாமே" என்றார் மூத்தவர். அவர் சிரிக்கவில்லை. "இது மென்ஷன், வாதம் அல்ல. வரிசைப்படி வரட்டும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஏசியில் யாரோ இருமியதாகவும் இருக்கலாம்.

வராந்தாவில் ஹக்கீம் பிடித்துக்கொண்டான். சட்டக் கல்லூரியில் என்னோடு படித்தவன். வேறு சீனியரிடம் ஜூனியர்.

"ஏன்டி, கேக்காததெல்லாம் எதுக்குச் சொன்ன? கதாகாலட்சேபமா நடக்குது?"

"கேட்டாரே."

"கேட்டா? 'என் கட்சிக்காரங்ககிட்ட விசாரிச்சுச் சொல்றேன் மை லார்ட்'னு தலைய ஆட்டிட்டு உக்காருவியா... சரி விடு. இன்னைக்கே டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கு. நாளைக்குப் புதுசா ஒரு காரணம்னு மறுபடி நில்லு. அதெல்லாம் எடுப்பாங்க."

மகேசுவரி அழைத்தாள். "மேடம், சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு."

"அம்மாட்டச் சொல்லட்டா?"

"சொல்லு."

சொன்னது உண்மைதானே.

சீனியர் 'மென்ஷன் ஆச்சா' என்று செய்தி அனுப்பியிருந்தார். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன்.


ஜூலை 5, புதன்

டாக்டர் சான்றிதழ் காலையிலேயே வந்துவிட்டது. கோர்ட்டில் கூட்டம். என் முறை வரவில்லை.

கழுத்துப் பட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டேன். இரண்டு முறை.


ஜூலை 6, வியாழன்

வயிறு சரியில்லை. கோர்ட்டுக்குப் போகவில்லை.

ஹாஸ்டல் வார்டன் கஞ்சி வைத்துக் கொடுத்தார். தேங்க்ஸ் மேடம் என்றேன். "மென்ஷன் நாட்" என்றார். பழைய பள்ளிக்கூட டீச்சர். இன்னும் அப்படித்தான் சொல்கிறார். வேறெங்கும் இந்தப் பதிலைக் கேட்டதில்லை. சொல்லாதே. செய்ததைச் சொல்லிக் காட்டாதே.

பதினொரு மணிவாக்கில் மகேசுவரி எண்ணிலிருந்து அழைப்பு. அவள் குரல் இல்லை.

"வக்கீலம்மாவா?"

மூச்சுதான் முதலில் வந்தது. வார்த்தைகள் அதன் பின்னால் ஒவ்வொன்றாக ஏறி வந்தன.

"ஆமாம்மா. எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன. ராசாத்தி மாதிரிக் கெடக்கேன். மேல ஃபேன், கீழ மெத்தை." சிரித்தார் என்று நினைக்கிறேன். இருமல் வந்தது. "பிள்ள சொல்லுச்சு, நீங்க பெரிய ஜட்ஜய்யாகிட்டச் சொல்லிட்டீங்கன்னு. நல்லா இருப்பீங்க தாயி."

நான் ஏதோ சொன்னேன்.

"எப்ப விடுவாக?"

"சீக்கிரம்மா. வரிசையில இருக்கு."

"வரிசைன்னா?"

பதில் சொல்லாமல் நான் ஒரு கேள்வி கேட்டேன். இது வேலைக்காகக் கேட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். "அம்மா, அவர்கிட்ட என்ன சொல்லணும்னு எங்கிட்டச் சொன்னீங்கன்னா, நான் அத மனுவுல சேர்த்துக் கேப்பேன். அவசரம் புரியும் அவங்களுக்கு."

இருமி முடித்துத்தான் சொன்னார்.

"அத அந்த மனுசன் மூஞ்சியப் பாத்துதாந் தாயி சொல்லணும். காகிதத்துல எழுதுற சங்கதியா இருந்தா எப்பவோ எழுதிப் போட்டிருக்க மாட்டேனா?"

கட்டிலில் படுத்து, ஒரு வரியை எழுதினேன். அடித்தேன். எழுதினேன். 'கைதியின் மனைவி' என்று தொடங்குவதா, 'மரணப் படுக்கை' என்று தொடங்குவதா.


ஜூலை 7, வெள்ளி

இன்று நின்றேன். மென்ஷன் வரிசையில் நின்றேன்.

மூத்த வழக்கறிஞர்கள் வந்தால் ஜூனியர்கள் வழிவிட வேண்டும். எழுதி வைக்காத வழக்கம். யாரும் கேட்பதில்லை, நாம்தான் ஒதுங்குகிறோம். எனக்கு முன்னால் ஒருவர் வந்தார், ஒதுங்கினேன். இன்னொருவர். அவருக்கும். பிறகு ஒருவர் பட்டியலில் எண் பார்க்கத்தான் அந்தப் பக்கம் வந்தார் போலிருக்கிறது. அவருக்கும் ஒதுங்கினேன். நீதிமன்ற அலுவலர் முதல் வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார். மென்ஷன் நேரம் முடிந்தது.

கேன்டீனில் ஹக்கீம் எதிரில் வந்து உட்கார்ந்தான். என் தட்டிலிருந்து வடையை எடுத்தான்.

"ஒண்ணு கேப்பேன், கோவப்படக் கூடாது. புதன்கிழம ஏன் உக்காந்த?"

"கூட்டம். முறை வரல."

"தாரணி, நான் ரெண்டு வரிசை பின்னாடிதான் இருந்தேன். எல்லாரும் முடிச்சதும் பெரிய ஜட்ஜ் நேரா உன்னப் பாத்தாரு. 'வேற யாராவது உண்டா'ன்னு கேட்டாரு. நீ எழுந்து நின்னுட்டிருந்த. அப்படியே உக்காந்துட்ட."

"எனக்குக் கேக்கல."

"கட்டக் குடு. திங்கக்கிழம நான் நிக்கறேன். உங்க சீனியர்கிட்ட நானே பேசிக்கறேன். ஒரு நிமிஷ வேலை."

"என் கேஸ் இது."

"உன் கேஸா? அந்தப் பொண்ணோட கேஸ்."

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல."

வடையைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

ஹக்கீம் எதையும் மிகைப்படுத்துவான். கல்லூரியிலேயே அப்படித்தான்.


ஜூலை 8, சனி

கவுனின் தோளில் தையல் விட்டிருந்தது. தைத்தேன். அறையைப் பெருக்கினேன்.

டிரங்குப் பெட்டியைத் துடைக்கும்போது பள்ளிச் சான்றிதழ்கள். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பேச்சுப் போட்டி. பரிசு இல்லை. 'ஹானரபிள் மென்ஷன்.' அப்பா அதைப் பரிசு என்றே எல்லோரிடமும் சொன்னார். வந்தவர்கள் வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஜெயிக்காதவர்களின் பெயரையும் மேடையில் ஒரு தடவை வாசிப்பார்கள், அதுதான் அது. அன்று மேடையில் இரண்டாவது பத்தி மறந்துவிட்டது. மூன்றாவதிலிருந்து பேசி முடித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

சீனியருக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். அவர் குறுக்கு விசாரணைக்குத் தயார் செய்துகொண்டிருப்பார். தொந்தரவு செய்யக் கூடாது.


ஜூலை 9, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் என்று தெரியவில்லை. ஆப்பிள் வாங்கிப் போனேன். அவர் சாப்பிட முடியாது என்பது வார்டுக்குள் நுழைந்த பிறகுதான் உறைத்தது.

ஆவுடைத்தாய் தூங்கிக்கொண்டிருந்தார். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். போர்வைக்குக் கீழே ஆள் இருப்பதே தெரியவில்லை. தலைமாட்டில் ஒரு அம்மா, நாற்பது வயதிருக்கும், வெள்ளைத் துணியை நனைத்து அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை.

"இது எங்க அத்தை மேடம். மாரிக்கனி அத்தை" என்றாள் மகேசுவரி. "மாமாவோட..."

முடிக்கவில்லை. கொல்லப்பட்டவரின் மனைவி. பதினைந்து நாளாக இந்த அம்மாதான் ராப்பகலாகக் கூட இருக்கிறாராம்.

"வக்கீலம்மா இவங்கதானா?" மாரிக்கனி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சின்னப் பிள்ளையால்ல இருக்கு."

"உக்காருங்கம்மா, நிக்கறீங்களே" என்றேன்.

"உக்காந்து என்ன செய்ய." துணியைப் பிழிந்தார். "நாத்துனான்னாலும் எனக்கு அக்கா இவ. எம் புருசன் செத்தன்னைக்கு எனக்கு வாயில தண்ணி ஊத்துனது இவதான். எந்தம்பி எந்தம்பின்னு அந்தப் பேரச் சொல்லி அழுத வாயி. அதே வாயால அந்தப் பாவி பேரச் சொல்லிக் கூப்புடுறா. நாங் காதால கேட்டேன்."

"அத்தை."

"நீ சும்மா இருடி. வக்கீலம்மா, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். நீங்க கோர்ட்ல வாயத் தொறக்காம இருந்தீங்கன்னா ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நான் ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகேசுவரி வராந்தா வரை வந்தாள். இப்போது மேடத்தை விட்டுவிட்டு அக்கா என்கிறாள்.

"அத்தை பேசினத மனசுல வச்சுக்காதீங்கக்கா. அவங்க அப்படித்தான். ஆனா அம்மாவ நல்லாப் பாத்துக்கறாங்க."

"அம்மா என்ன சொல்லும்னு நெனைக்கிற?"

"தெரியலக்கா. காறித் துப்பணும்னு கூப்புடுதோ, போனாப் போவுதுன்னு சொல்லக் கூப்புடுதோ. ரெண்டும் ஓடுது மனசுக்குள்ள." துப்பட்டாவை விரலில் இறுக்கிச் சுற்றினாள், விரல் நுனி வெளுத்தது. "எதுன்னாலும் சரிக்கா. ஒரு வார்த்தை அவரு கேட்டுட்டாருன்னா, நானும் அவர்ட்டப் பேசலாமா வேணாமான்னு எனக்குத் தெரிஞ்சிரும். அது தெரியாம நான் என்ன பண்ணட்டும்?"

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"பேச்சு இருக்குறப்பவே வரச் சொல்லுங்கன்னாரு."

நாளைக்கு என்றேன். நாளைக்குக் கண்டிப்பாக.


ஜூலை 10, திங்கள்

கோர்ட் வாசலில் சீனியர் நின்றுகொண்டிருந்தார். அங்கே சாட்சிக்கு உடம்பு சரியில்லை, வழக்கு தள்ளிப்போய்விட்டது. கையில் காபி டம்ளர்.

"என்னம்மா, அந்த லீவு மேட்டர்? ஆர்டர் ஆயிருச்சா?"

"யூஷுவல் கோர்ஸ்ல, வரிசைப்படி வரட்டும்னு சொல்லிட்டாங்க சார்."

"என்னைக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"சரி. அப்புறம் மறுபடி எப்ப நின்ன?"

வாசலில் சோதனைக்கு நின்றவர்களின் வரிசை நகர்ந்தது. நான் அந்த வரிசையைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்க்காமல் வரிசையைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லம்மா" என்றார். திட்டியிருக்கலாம். டம்ளரை மதில்மேல் வைத்துவிட்டு என் கையிலிருந்த கட்டை வாங்கிக்கொண்டார்.

உள்ளே முதல் ஆளாக எழுந்தார். கைதியின் மனைவி சில நாட்களே இருப்பார் என்று மருத்துவர் சான்று, லஞ்ச் மோஷனுக்கு அனுமதி வேண்டும் என்றார். அவ்வளவுதான். மூத்த நீதிபதி தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இரண்டேகால்."

மதியம் உத்தரவு கிடைத்தது. போலீஸ் வழிக்காவலுடன் ஒரு நாள் விடுப்பு.

மகேசுவரிக்குச் சொன்னேன். போனுக்குள் சத்தம் போட்டு அழுதாள். பின்னால் ஆவுடைத்தாய் குரல் கேட்டது. "என்னடி? விட்டுட்டாகளா?" தெளிவாகக் கேட்டது.


ஜூலை 11, செவ்வாய்

உத்தரவின் நகல் மதியம்தான் கையெழுத்தாகி வந்தது. கொண்டுபோக ஆள் அனுப்பலாம் என்றார் சீனியர். நானே போகிறேன் என்றேன். பஸ்ஸில் ஜன்னலோரம். மடியில் நகல். வழியெல்லாம் காற்றாலை.

சிறை வாசலில் ஒரு அதிகாரி வாங்கிப் படித்தார். முத்திரையைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"வழிக்காவலுக்கு ஆள் வேணுமே மேடம். ஆயுதப்படையில கேக்கணும். எல்லாரும் திருவிழா பந்தோபஸ்துல இருக்காங்க."

"அந்தம்மா சாகக் கிடக்காங்க சார்."

"தெரியுது. அதுக்குத்தான இந்த ஆர்டரே. நாளைக்குக் காலையில முதல் வேலையா அனுப்பிடறோம்."

"இன்னைக்கு முடியாதா?"

"நான் கூட்டிட்டு வரமுடியாதும்மா." கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்த வரியை எத்தனை பேரிடம் சொன்னாலும் அது என் வாயைவிட்டு வெளியே போய் அங்கேயே நிற்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் மகேசுவரியின் அழைப்பு. "அக்கா, காலையிலருந்து அம்மா பேசல. கண்ணு முழிச்சிருக்கு. கூப்புட்டாப் பாக்குது. பேச்சு வரல."


ஜூலை 12, புதன்

மதியத்துக்குச் சற்று முன் வந்தார்கள். மூன்று போலீஸ்காரர்கள், நடுவில் அவர். நான் நினைத்ததைவிடச் சிறிய மனிதர். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கோடு கலையவில்லை. ஒரு போலீஸ்காரர் அவர் கையைத் தன் கையோடு கோத்துப் பிடித்திருந்தார், கூட்டத்தில் பிள்ளையைப் பிடித்துக்கொள்வதுபோல.

வார்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"இங்க கழட்ட வேண்டாம்யா, ஆஸ்பத்திரி" என்றார் போலீஸ்காரர். அவர் கேட்கவில்லை.

மாரிக்கனி தலைமாட்டிலிருந்து எழவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். துணி அவர் கையிலேயே இருந்தது.

ஆவுடைத்தாயின் கண்கள் திறந்திருந்தன. சங்கரபாண்டி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கண்கள் அவரிடம் வந்தன. நின்றன. அதில் என்ன இருந்தது என்று எழுதப் பார்க்கிறேன். முடியவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

"தாயி. வந்துட்டேன். சொல்லு."

மின்விசிறிச் சத்தம். பக்கத்துக் கட்டிலில் யாரோ பாத்திரத்தை மூடினார்கள்.

"என்னமோ சொல்லணும்னியாமே. என்னன்னாலும் சொல்லு. வையி. நான் கேட்டுக்கிறேன்."

குனிந்து காதை அவர் வாயருகே கொண்டுபோனார். அப்படியே இருந்தார். கோத்த கையோடு போலீஸ்காரரும் பாதி குனிந்தபடி நின்றார். உதடு அசைந்தது என்று மகேசுவரி பிறகு சொன்னாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அசைந்ததா என்று எனக்குத் தெரியாது.

அவர் நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார்.

"உன்ட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லப்பா." பதினோரு வருடத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் சொல்லாக இருக்க வேண்டும்.

"எப்ப வரைக்கும் பேசுனா?"

"முந்தாநாள் வரைக்கும் நல்லாப் பேசுச்சு. நீங்க வர்றீங்கன்னு சொன்னப்ப, தலை சீவி விடுன்னுச்சு."

அவர் மெதுவாகத் தலைமாட்டுப் பக்கம் திரும்பினார். பேச வாயெடுத்து நிறுத்தினார். மறுபடி எடுத்தார்.

"மாரிக்கனி. உன்ட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

மாரிக்கனி துணியைக் கிண்ணத்தில் முக்கினார். பிழிந்தார். ஆவுடைத்தாயின் வாயோரத்தைத் துடைத்தார். முகம் மகேசுவரி பக்கம் இருந்தது.

"சொன்னான்னு சொல்லுடி உங்கப்பன்கிட்ட."

"என்னன்னு?" என்றார் அவர்.

"அத உங்கப்பன்கிட்டச் சொல்லச் சொல்லி அவ எங்கிட்டச் சொல்லலன்னு சொல்லு."

அவர் தரையில் உட்கார்ந்தார். போலீஸ்காரர் கையை விட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றார். நேரம் ஆனதும் மூத்த போலீஸ்காரர் வந்து தோளைத் தொட்டார்.

வராந்தாவில் என் எதிரில் நின்று இரண்டு கையையும் கூப்பினார். "ஒங்களாலதாம்மா இந்தமட்டுக்காவது முகத்தப் பாத்தேன்." பிறகு யாரையும் குறை சொல்கிற மாதிரி இல்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இன்னும் நாலு நாளு முந்தி கோர்ட்ல எடுத்திருந்தாகன்னா..."

"அப்பா, அக்கா போன வாரம் செவ்வாக்கிழமையே சொல்லிட்டாங்க" என்றாள் மகேசுவரி. "தெனம் போயி நின்னாங்க. அங்கதான் எடுக்கல. அவங்க என்ன பண்ணுவாங்க பாவம். என்னக்கா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன்.


ஜூலை 13, வியாழன்

மழை. துணி காயவில்லை.


ஜூலை 14, வெள்ளி

ஒரு கல்லூரி மதில் சுவர் வழக்கு. சீனியர் என்னையே நிற்கச் சொன்னார். எழுந்தேன். ஒரே வரி. மூத்த நீதிபதி தலையசைத்தார். இரண்டேகால். உட்கார்ந்த பிறகுதான் பேசி முடித்துவிட்டேன் என்பதே தெரிந்தது. ஹக்கீம் பின்வரிசையிலிருந்து கட்டைவிரலைக் காட்டினான். வராந்தாவில் வந்து கை கொடுத்தான். எளிதாக இருந்தது. இவ்வளவு எளிதாக.

கவுனைக் கழற்றும்போது பார்த்தேன், மகேசுவரி அழைத்திருக்கிறாள். நான் எழுந்து நின்ற அதே நேரம். அப்புறமும் அழைத்திருக்கிறாள்.

கேன்டீனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேசையில் போன் அதிர்கிறது. என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியும். அதற்குப் பிறகு அழுதுகொண்டே அக்கா நீங்க எவ்வளவோ பண்ணீங்க என்பாள். அதுவும் தெரியும்.

நின்றுவிட்டது. மறுபடி அதிர்கிறது.